கப்பல் விழுங்கிய சுறா வட்டு

உங்களுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். நம்முடைய ஓய்வூதியர் குழுவில் காலையில் ஒருவர் ஒன்றை அனுப்பினால், மாலைக்குள் இன்னும் நாலு பேர் அதையே புதிதாகக் கண்டுபிடித்து அனுப்புவார்கள். இந்த முறை வந்தது, சின்ன நாயொன்றுக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பது. வெள்ளை நாய், பளபளக்கும் மேசை, கையுறை போட்ட ஒரு பெண். நாய்க்கு உண்மையில் ஒன்றும் அடைக்கவில்லை. அது மிகவும் பொறுமையாக நடித்துக்கொண்டிருந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் தாதி மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். யாராவது ஒரு செய்முறையைச் செய்துகாட்டினால் பிழை பிடிக்காமல் பார்க்கத் தெரியாது. இரண்டு தடவை பார்த்தேன். அந்தப் பெண் நாயின் வாயைத் திறந்து பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் தேடக் கூடாது என்றாள். பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தோள்களுக்கு நடுவே தட்டினாள். அதற்கும் வராவிட்டால் விலா எலும்புக்குக் கீழே உள்ளும் மேலுமாக அமுக்க வேண்டும் என்றாள். வெளியே வந்த பிறகும் மிருக வைத்தியரிடம் காட்டச் சொன்னாள். எல்லாம் சரி. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அதற்குக் கீழே நம்மில் ஒருவர் எழுதியிருந்தார்: "மனிசருக்கே ஆஸ்பத்திரியில கட்டில் இல்லை. இதில நாய்க்கு முதலுதவியோ?" அவருக்கு இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வயதில் எல்லோரிடமும் நேரம் இருக்கிறது. இல்லாததுபோல் காட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

மன்னார்த் தீவில், பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் எங்கள் வீடு. எனக்கு அப்போது ஒன்பது வயது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அலையடங்கிப் படியத் தொடங்கியிருந்தது. காலையில் வெயில் ஏறுவதற்குள் கரை முழுவதும் பாய் விரித்து மீன் காயப்போட்டுவிடுவார்கள். அந்த மணத்தைப் பற்றிக் கரையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் மூக்கைச் சுளிப்பார்கள். எங்கள் தென்னோலைக் கிடுகு வேலியில் எப்போதும் இரண்டு மூன்று கழுதைகள் முதுகு தேய்த்துக்கொண்டு நிற்கும். வேலி சாய்ந்தால் அப்பா கழுதைகளைத் திட்டுவார். கழுதைகள் அடுத்த வேலிக்குப் போகும்.

நாய் எங்களுக்கு வந்தது இறங்குதுறையிலிருந்து. இந்தியாவுக்குக் கப்பல் போன காலம். அப்பா அங்கே மீன் கொடுக்கப் போயிருந்தபோது, ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு ஒரு சின்ன நாயையும் கொண்டுவந்திருக்கிறது. ஆட்களுக்கெல்லாம் தாள் இருந்தது, நாய்க்கு இல்லை. கப்பல் ஊதியது. அவர்கள் நாயை ஒரு கம்பத்தில் கட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்கள். தாளில்லாமல் நின்ற அந்தச் சீவனை அப்பா மீன் கடகத்தில் வைத்துத் தூக்கிவந்தார். குட்டைக் கால், சடைத்த காது, எங்கள் ஊர் நாய்களின் முழங்கால் உயரம். கப்பலைத் தவறவிட்டதால் அதற்குக் கப்பல் என்று பெயர் வைத்தோம். அது அன்றிலிருந்து தம்பியின் நாய்.

தம்பிக்கு நாலு வயது. அவனுடைய இடக்கை பிறந்ததிலிருந்தே சோர்ந்து, உள்ளங்கை பின்னுக்குத் திரும்பித் தொங்கும். விரல்கள் மட்டும் கொஞ்சம் மடங்கும். அந்தக் கைக்கு அவன் வேலை கொடுத்து வைத்திருந்தான்: கப்பலின் கயிற்றை அந்த விரல்களில்தான் சுற்றிக்கொள்வான். நாய் இழுத்தால் கை முன்னுக்கு வரும். மற்றப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அந்தக் கைக்கு யார் பொறுப்பு என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மருத்துவிச்சிதான்.

அவர் அரசாங்க மருத்துவிச்சி. உயிலங்குளத்துக்காரர், வயல்காரர் வீட்டுப் பெண், சைவ சமயம்; நாங்கள் கத்தோலிக்கர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோலுறை வெடித்த ஒரு பை. எங்கள் கரைக்கு வேலைக்கு வந்து, மருந்துக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் தனியாக இருந்தார். மீன் சாப்பிட்டால் முள் எடுக்கத் தெரியாதாம் என்று பெண்கள் கிணற்றடியில் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருத்திக்கு முள் எடுக்கத் தெரியாவிட்டால் பிள்ளை எடுக்க மட்டும் எப்படித் தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

தம்பி பிறந்தது வீட்டில், பகலில். நான் பெரியம்மா வீட்டில் இருந்தேன். அன்று அம்மா பாயில் கிடந்தபடி கண்டது இதுதான்: பிறந்த பிள்ளையை மருத்துவிச்சி இரண்டு காலிலும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். முதுகில் அடித்தார். மறுபடி அடித்தார். "வெளியில வந்து கண் முழிக்க முதல் என்ர பிள்ளைக்கு அடிச்சவள்" என்று அம்மா நாலு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தார். அந்த அடியில்தான் கை போயிற்று என்பது அவர் முடிவு. ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மற்றப் பாதி அதைப்பற்றிப் பேசுவதோடு நின்றுகொண்டது.

இப்போது அம்மா மறுபடி பிள்ளை சுமந்துகொண்டிருந்தார், எட்டாம் மாதம். மருத்துவிச்சி ஒவ்வொரு புதன்கிழமையும் எங்கள் வேலிப் படலை வாசலுக்கு வருவார். அம்மாவின் ஏற்பாட்டின்படி நான் ஓடிப்போய், "அம்மா இல்லை" என்று சொல்ல வேண்டும். அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். எங்கள் கிடுகு வேலி நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் தொடங்கும். அம்மாவின் இரண்டு பாதங்களும் அதற்குக் கீழே தெளிவாகத் தெரியும். கர்ப்பத்தில் வீங்கிய பாதங்கள். மருத்துவிச்சி குனிந்து அவற்றைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்து, "வந்தவுடன சொல்லு பிள்ளை, நான் வந்தனான் எண்டு. உப்பைக் குறைக்கச் சொல்லு" என்றுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போவார். அடுத்த புதன்கிழமை மறுபடி வருவார். அப்படி நாலு மாதம்.

இந்தப் பிள்ளையைத் தானே பார்த்துக்கொள்வதாகப் பெரியம்மா சொல்லியிருந்தார். அம்மாவின் அக்கா, பக்கத்து வளவில் வீடு. ஆறு பெற்றவர், அதைவிடக் கூடப் பிரசவங்களில் பக்கத்தில் நின்றவர். சுடுதண்ணீர் வைக்கவும் செபமாலை சொல்லவும் அவரைப் போல ஆள் கிடையாது. "அடியாமல் பெறுவிப்பன்" என்பார். அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் கடல் படிந்த காலத்தில் அப்பாவின் மனம் பெரும்பாலும் கடலில்தான் இருக்கும்.

இன்று எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அந்த ஏற்பாடு பெரும் ஆபத்து. அன்று எனக்கு அது சாதாரணமாக இருந்தது. அடுத்த வீட்டு ஆளை வைத்துப் பிள்ளை பெறுவது அடுத்த வீட்டில் உரல் இரவல் வாங்குவது போலத்தான்.

அந்தக் காலத்து எங்கள் சொத்து ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுறாவை வெட்டிக் கருவாடு போட்டால் முள்ளந்தண்டு மிஞ்சும். அதை மணலில் புதைத்து ஒரு மாதம் விட்டால் சதை போய், வட்டு வட்டாகக் கழன்றுவிடும். இரண்டு பக்கமும் குழிந்த வெள்ளை வட்டுகள். சிறியவை சட்டைப் பொத்தான் அளவு, பெரியவை சோடாப் போத்தல் மூடி அளவு. கழுவி வெயிலில் வைத்தால் சங்கு போல மினுங்கும். பால்மா டின்னில் போட்டுக் குலுக்கினால் ஒரு சத்தம் வரும். மழை தகரத்தில் தொடங்குகிற மாதிரி. சுண்டி விளையாடுவோம், மாற்றிக்கொள்வோம், திருடிக்கொள்வோம். இப்போது எந்தப் பிள்ளையிடமும் அதைக் காணவில்லை. எங்களிடம் ஒரு டின் நிறைய இருந்தது.

கப்பலுக்கு அந்த வட்டுகளில் பேராசை. எவ்வளவு கழுவினாலும் அதற்கு மட்டும் மீன் மணக்கும் போலும். நான் ஒரு வட்டை மேலே எறிவேன். அது குட்டைக் காலால் துள்ளி வாயில் பிடித்து, தம்பியின் மடியில் கொண்டுபோய்ப் போடும். நான் கற்றுக்கொடுத்த வித்தை. பார்க்க வந்தவர்கள் கைதட்டுவார்கள். எனக்குத் தலைகால் தெரியாது.

மாசி தொடக்கத்தில் எங்கள் கோயிலில் தொண்டைக்கு ஆசீர்வாதம் கொடுப்பார்கள். விண்ணகத்திலும் இலாகாப் பிரிவு உண்டு. தொண்டைக்கு ஒரு புனிதர் பொறுப்பு. சுவாமியார் இரண்டு மெழுகுதிரிகளைச் சிலுவையாகக் கட்டி, ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்து மன்றாடுவார். மீன் தின்று வாழ்கிற கரையில் அந்த நாளுக்குக் கூட்டம் கொஞ்சமில்லை. அந்த வருடம் பெரியம்மா தன் வீட்டுத் திரிகளையும் மந்திரித்துக் கொண்டுவந்து, வீட்டிலிருந்த புனிதர் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வருடம் முழுவதும் ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்றார்.

ஒரு கிழமை கழித்து உதவி தேவைப்பட்டது.

புதன்கிழமை காலை. அப்பா கடலில். அம்மா முற்றத்தில் பாய் போட்டுக் காலை நீட்டியபடி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் டின்னிலிருந்து பெரிய வட்டுகளில் ஒன்றை எடுத்து எறிந்தேன். கப்பல் அழகாகப் பிடித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கழுதை வேலிக் கிடுகை விலக்கித் தலையை உள்ளே நீட்டியது. கப்பலுக்குக் கழுதைகளைப் பிடிக்காது. வாயில் வட்டு இருப்பதை மறந்து குரைப்பதற்காக மூச்சை இழுத்தது.

குரைப்பு வரவில்லை.

அது கழுத்தை நீட்டியது. முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. பின்னுக்குப் பின்னுக்கு நடந்தது, யாரோ முன்னாலிருந்து தள்ளுவது போல. ஒரு சத்தமும் இல்லை. பிற்காலத்தில் மாணவிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: இருமுகிறவருக்குக் காற்று போய்வருகிறது, அவரை இருமவிடுங்கள், சத்தமில்லாதவரிடம் ஓடுங்கள். அன்று எனக்கு அது தெரியாது. ஆனால் சத்தமில்லாமல் வாய் திறந்து மூடுவதைப் பார்க்கக் கூடாதென்று தோன்றியது.

பெரியம்மா வேலியைத் தாண்டி வந்தார். "முள்ளுச் சிக்கிப்போட்டுது" என்றார். எங்கள் கரையில் தொண்டையில் எது சிக்கினாலும் அது மீன் முள்தான். வேறு எதுவும் சிக்கலாம் என்று ஒருவரும் நினைப்பதில்லை. முள்ளுக்கு மருந்தும் ஒன்றுதான்: சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்க வேண்டும். அந்த வைத்தியத்தால் குணமானவர்கள் ஊரெல்லாம் சொல்வார்கள். குணமாகாதவர்கள் வந்து முறையிட்டதில்லை. பெரியம்மா பானையிலிருந்து பழஞ்சோறு பிடித்து உருட்டி, கப்பலின் தாடையைப் பிளந்து உள்ளே தள்ளினார். இன்னொன்றும் தள்ளினார். வட்டுக்கு மேலே சோறு. மூச்சுக்கு இருந்த கொஞ்ச இடமும் போயிற்று.

நான் வாய் திறக்கவில்லை. அது முள் அல்ல, வட்டு என்று சொன்னால், எறிந்தவள் யார் என்று அடுத்த கேள்வி வரும்.

நாயின் நாக்கு சாம்பல் நிறமானது. தம்பி மணலில் உட்கார்ந்து அதை நல்ல கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பெரியம்மா ஓடிப்போய் மந்திரித்த திரிகள் இரண்டையும் எடுத்துவந்தார். அந்த நேரம் தெருவில் கோயில் மூப்பர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். கோயில் காரியங்களில் சுவாமியாருக்கு அடுத்தபடி அவர்தான். பெரியம்மா அவரைக் கூப்பிட்டு, திரிகளை நாயின் கழுத்தில் வைக்கச் சொன்னார். மூப்பர் படலைக்குள் வந்து, நாயைப் பார்த்து, திரியைப் பார்த்து, யோசித்தார்.

"நாய்க்கு ஞானஸ்நானம் இல்லை. ஞானஸ்நானம் இல்லாத தொண்டைக்கு இந்த ஆசீர்வாதம் செல்லாது."

"போன வருசம் சம்மாட்டியாற்ற வள்ளத்துக்கு ஆசீர்வாதம் குடுத்தவையே" என்றார் பெரியம்மா. "வள்ளம் எப்ப ஞானஸ்நானம் எடுத்தது?"

மூப்பர் இதை எதிர்பார்க்கவில்லை. வள்ளம் தொழிலுக்கு உதவுவது, நாய் அப்படியல்ல என்று தொடங்கினார். நாய் வீட்டைக் காப்பதில்லையா என்றார் பெரியம்மா. இந்த நாய் எதைக் காத்தது என்றார் மூப்பர். அந்த வாதம் அரை நிமிடம் போயிருக்கும். அடைபட்ட தொண்டைக்கு அரை நிமிடம் எவ்வளவு என்று பிற்காலத்தில் மணிக்கூட்டை வைத்து வகுப்பில் காட்டியிருக்கிறேன். மாணவிகளால் அவ்வளவு நேரம் மூச்சடக்கி உட்கார முடிந்ததில்லை, சிரித்துவிடுவார்கள்.

படலையில் கறுப்புக் குடை தெரிந்தது.

பழக்கதோஷம் எவ்வளவு பெரியது பாருங்கள். அம்மா என் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் மருத்துவிச்சியைப் பார்த்து, "அம்மா இல்லை" என்றேன்.

"அது பிறகு" என்றார் அவர். குடையை மணலில் போட்டார். "இது என்னத்தை விழுங்கினது?"

அன்று காலையில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான்.

"சுறா வட்டு" என்றேன். "நான்தான் எறிஞ்சனான்."

"எவ்வளவு பெரிசு?"

டின்னிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினேன். அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு தம்பிக்கு முன்னால் முழங்காலிட்டார். தம்பி நாயை விடவில்லை.

"விடு ராசா. திருப்பித் தாறன்."

எந்தப் புத்தகத்திலும் அனுமதியில்லாத வாக்குறுதி. தம்பி கையை எடுத்தான்.

அவர் நாயின் வாயைப் பிளந்து வெயிலுக்குத் திருப்பினார். முந்தானையை விரலில் சுற்றி, கண்ணுக்குத் தெரிந்த சோற்றை வழித்தெடுத்தார். தெரிந்ததை மட்டும், அதற்கு மேல் விரலை விடவில்லை. பிறகு இரண்டு பின்னங்கால்களையும் ஒரு கையால் பிடித்து எழுந்து நின்றார். கப்பல் தலைகீழாகத் தொங்கியது, காதுகள் தரையை நோக்கி. மற்றக் கையை விரித்து, அதன் தோள்களுக்கு நடுவில் அடித்தார்.

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. "அடியாதேங்கோ" என்றார்.

மருத்துவிச்சி திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாம் தரம் அடித்தார். ஒன்றும் விழவில்லை. நாயை நிமிர்த்தி, அதன் முதுகைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, விலாவுக்குக் கீழே மடக்கிய கையை வைத்து உள்ளுக்கும் மேலுக்குமாகச் சட்டென்று ஒரு அமுக்கு அமுக்கினார். இன்னொன்று. கொஞ்சம் சோறும் எச்சிலுமாக வட்டு மணலில் விழுந்தது. மிகச் சின்னதாகத் தெரிந்தது.

கப்பல் துணி மாதிரிக் கிடந்தது. மருத்துவிச்சி அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அரிசிச் சாக்கால் நெஞ்சைப் பரபரவென்று தேய்த்தார். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்த செபத்தை நிறுத்திவிட்டார். ஒரு இழுப்பு; ஓட்டைத் துருத்தியில் காற்றுப் போவது போல. நின்றது. இன்னொரு இழுப்பு. பிறகு இருமத் தொடங்கியது. இருமல் சத்தம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. நாக்கு மெல்ல மெல்லச் சிவந்தது.

"இந்தா" என்று தம்பியிடம் சொன்னார் மருத்துவிச்சி. "ரெண்டு நாளைக்குக் கஞ்சி மட்டும் குடு. தொண்டை புண்ணாயிருக்கும்."

மூப்பர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு சைக்கிளைத் தேடினார். நான் அடிக்குக் காத்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா மருத்துவிச்சியின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தம்பியைக் காட்டினார்.

"அண்டைக்கு இவனும் இந்த நிறத்திலயோ இருந்தவன்?" என்று கேட்டார்.

"இதைவிட மோசம். கறுப்பு நீலம். மூச்சு இல்லை."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

மருத்துவிச்சி முந்தானையில் ஒட்டியிருந்த சோற்றைத் தட்டினார். சொல்ல வந்த நாளெல்லாம் நீங்கள் வீட்டில இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்துத் தலையைக் குனிந்தேன். அவர் சொல்லவில்லை.

அம்மா கேட்டார். "அப்ப கை? அடிச்சதில இல்லாட்டி, கை எப்பிடிப் போனது?"

வாழ்நாள் முழுக்க நான் வேலை செய்த இடங்களில், இந்த மாதிரிக் கேள்விக்கு நடைமுறை உண்டு. பதில் சொல்லக் கூடாது. மேலதிகாரியைக் கேட்கச் சொல்ல வேண்டும். எழுத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் மருத்துவிச்சிக்கு உண்மையைச் சொல்லத் தேவையும் இல்லை. நாய் பிழைத்திருந்தது, அம்மாவின் மனம் இளகியிருந்தது, அடி என்ற பழி நீங்கிவிட்டது. "கடவுள் விட்ட வழி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரியம்மாவே ஆமோதித்திருப்பார்.

"கை நான் இழுத்ததிலதான்" என்றார் அவர்.

பெரியம்மாவின் கையில் திரிகள் அசையாமல் நின்றன.

"தலை வந்திட்டுது, தோள் சிக்கிப்போச்சு. பெரிய பிள்ளை. நேரம் இல்லை. இழுத்தனான். இழுக்கேக்க கழுத்து நரம்பில பட்டிருக்கும். இழுக்காட்டி பிள்ளை இல்லை, நீங்களும் இல்லை. எண்டாலும் இழுத்தது நான்தான்."

அம்மா தம்பியின் கையைப் பார்த்தார். தம்பி நாயின் கயிற்றைத் தன் சோர்ந்த விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தான். நாலு வருடப் பழிக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது, குற்றவாளியின் வாயாலேயே. அம்மா அவரைப் படலைக்கு வெளியே அனுப்பியிருந்தால் ஊரில் ஒருவரும் பிழை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"உள்ளுக்கு வாங்கோ" என்றார் அம்மா. "விறாந்தையில கதிரை கிடக்கு. இருங்கோ."

மருத்துவிச்சி உட்கார்ந்தார். பெரியம்மா தேத்தண்ணி போடப் போனார். கோபத்தில் சீனி மறந்தார், அல்லது மறந்ததாகக் காட்டிக்கொண்டார். அம்மா நிலத்தில் பாயில் உட்கார்ந்து, நாலு மாதத்தில் முதல் தடவையாக வயிற்றைக் காட்டினார். மருத்துவிச்சி கையை வைத்து நெடுநேரம் பார்த்தார். மரக் குழாயை வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்புக்குக் காது கொடுத்தார். வீங்கிய பாதத்தைப் பெருவிரலால் அழுத்தி, பள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தார்.

"சரி" என்றார் அம்மா. "இந்த முறையும் நீங்களே வந்து பாருங்கோ."

"நான் மாட்டன்."

அம்மா நிமிர்ந்தார்.

"இதுவும் பெரிய பிள்ளை. ஒருக்காச் சிக்கின தோள் இன்னொருக்காவும் சிக்கும். இதை வீட்டில பெறக்கூடாது, என்னட்டையும் பெறக்கூடாது. மன்னார்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ, டொக்டர் பக்கத்தில நிக்கவேணும். அதைச் சொல்லத்தான் ஒவ்வொரு புதனும் வந்தனான். உங்களுக்குப் பிள்ளை பெறுவிக்க இல்லை."

நாலு மாதமாக நாங்கள் ஒளிந்துகொண்டது, தன்னிடம் பெறவேண்டாம் என்று சொல்ல வந்தவரிடமிருந்து.

இந்த இடத்தில் ஒரு திருத்தம், தொழில்முறையில். பிறந்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்கி அடிப்பது இப்போது பாடத்தில் இல்லை. நானே அது கூடாது என்று பல நூறு மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். துடைத்து, சூடாக்கி, முகமூடி வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். சிக்கிய தோளை இழுப்பதும் கூடாது, அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. அவர் செய்த இரண்டும் இன்று பிழை. அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது அவ்வளவுதான், அந்தப் பாயில் அவருக்கு உதவியாக இருந்தது ஒரு சட்டி சுடுதண்ணீர்தான். அவர் செய்ததில் இன்றுவரை புத்தகத்தில் நிற்பது நாய்க்குச் செய்தது மட்டுமே. பிழையான முறையால் பிழைத்த என் தம்பி இப்போது மூன்று பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா. ஒரு கையால் சைக்கிள் ஓட்டக் கற்று, தபால் கந்தோரில் வேலை செய்து, என்னைப் போலவே ஓய்வூதியம் எடுக்கிறான்.

அப்பா அன்று மத்தியானம் கரை சேர்ந்ததும் எல்லாவற்றையும் கேட்டார். கடல் படிந்திருக்கும்போது எப்படித் தொழிலை விட்டுவிட்டு மன்னாருக்குப் போவது என்று ஒரு தரம் சொன்னார். அம்மா அந்த வட்டைக் கழுவி அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

நாள் கிட்டியதும், காலை ரயிலுக்கு எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா முதலில் தனியாகப் போவார், அப்பா எங்களைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அடுத்த நாள் போவார் என்று ஏற்பாடு. பெரியம்மா பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருந்தார். மருத்துவிச்சி வழியனுப்ப மட்டும் வந்திருந்தார். கையில் ஆஸ்பத்திரிக்குக் கடிதம், அதில் முன்னைய பிரசவத்தின் கதையெல்லாம் எழுதியிருந்தது, தான் இழுத்தது உட்பட. அம்மா பெட்டியின் படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றார்.

"நீங்களும் வாறியளோ?" என்றார்.

தன் பகுதியை விட்டுப் போக ஒரு மருத்துவிச்சிக்கு வைத்திய அதிகாரியின் அனுமதி வேண்டும், எழுத்தில், முன்கூட்டியே. அந்த விதியைப் பின்னாளில் நானே வகுப்பில் படிப்பித்தேன். அவர் பையிலிருந்து பிள்ளைகளின் நிறை எழுதும் தாளொன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் நாலு வரி விடுமுறை விண்ணப்பம் எழுதி, ஸ்டேஷன் மாஸ்டரிடம் நீட்டினார். ஸ்டேஷன் மாஸ்டருக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை. வாங்கி, படித்து, தலையாட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மருத்துவிச்சி அம்மாவுக்குப் பின்னால் ஏறும்வரை ரயில் ஒரு நிமிடம் கூடுதலாகவே நின்றது என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அம்மா தங்கச்சியோடு வந்தார். தோள் மறுபடி சிக்கத்தான் செய்ததாம். அங்கே டொக்டர் இருந்தார், இரண்டு தாதிகள் இருந்தார்கள். என்ன செய்வதென்று அவர்களுக்கு முன்னமே தெரிந்திருந்தது, கடிதம் இருந்தபடியால். பிள்ளை பிறந்தவுடன் அழுதது.

வந்த மறுநாள் மருத்துவிச்சி பார்க்க வந்தார். அம்மா அவருக்குக் கதிரை போட்டார், தானே சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு பிள்ளையைப் பாயில் கிடத்தி, சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். மருத்துவிச்சி தங்கச்சியின் தலைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துக் கொஞ்சம் உயர்த்தி, சடாரென்று ஒரு விரற்கடை தாழ்த்தினார். பிள்ளை திடுக்கிட்டது. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், அகல விரிந்து, விரல்கள் எல்லாம் திறந்து, பிறகு எதையோ கட்டிப்பிடிப்பது போல மெல்லச் சேர்ந்தன.

தம்பி பிறந்தபோது இந்தச் சோதனையில் ஒரு கைதான் விரிந்திருக்கும். மருத்துவிச்சி கையை எடுக்கவில்லை.

"இன்னொருக்காச் செய்யுங்கோ" என்றார் அம்மா.